புகுஷிமாவில் பிழைப்பு எப்படித் திரும்புகிறது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அணு உலை விபத்து என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது கதிர்வீச்சைப் பற்றித்தான். "அந்த ஊர்க்காரர்கள் இப்போது என்ன வேலை செய்து சாப்பிடுகிறார்கள்?" என்று கேட்பவர்கள் குறைவு. எனக்கோ அந்த இரண்டாவது கேள்விதான் பல வருடங்களாக மனசை விட்டுப் போகவில்லை. புகுஷிமா பற்றித் தொடர்ந்து படித்துவருவதால் நண்பர்களும் வாசகர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். சில பதில்கள் நீளமாக இருக்கும். சிலவற்றுக்கு நாலு வரி போதும்.

என்ன நடந்தது, எந்தெந்த ஊர்கள்?

2011 மார்ச் 11, பிற்பகல் 2.46 மணி. ஜப்பானின் வடகிழக்குக் கடலில் 9.0 அளவில் நிலநடுக்கம், பின்னாலேயே சுனாமி. புகுஷிமா தாயிச்சி அணுமின் நிலையத்தில் மின்சாரம் போய், உலைகளைக் குளிர்விக்க வழியில்லாமல் 1, 2, 3 ஆகிய மூன்று உலைகளில் எரிபொருள் உருகியது. மறுநாள் மாலையே நிலையத்திலிருந்து 20 கிலோமீட்டருக்குள் இருந்தவர்களை வெளியேறச் சொல்லிவிட்டார்கள். காற்றும் பனியும் வடமேற்குப் பக்கம் போனதால், அந்த வட்டத்துக்கு வெளியே இருந்த இயிதாதே என்ற மலைக்கிராமத்துக்கும் ஏப்ரலில் வெளியேறும் உத்தரவு வந்தது.

மொத்தம் 12 ஊராட்சிகளில் வெளியேற்ற உத்தரவு இருந்தது. ஒகுமா, புதாபா என்ற இரண்டு ஊர்களின் எல்லையில்தான் நிலையமே நிற்கிறது. நமியே, தோமியோகா, நராஹா, மினமிசோமாவின் ஒடாகா பகுதி ஆகியவை பக்கத்தில். சொந்தமாகக் கிளம்பியவர்களையும் சேர்த்தால் மாகாணத்தில் 1.6 லட்சம் பேருக்கு மேல் வீட்டை விட்டார்கள்.

விபத்துக்கு முன்னால் அங்கே பிழைப்பு எப்படி இருந்தது?

இதைத் தெரிந்துகொள்ளாமல் மற்றது புரியாது. ஹமாதோரி எனப்படும் அந்தக் கடற்கரைப் பகுதி ஒரு காலத்தில் ஏழைப் பகுதி. குளிர்காலத்தில் வயலில் வேலை இருக்காது, ஆண்கள் டோக்கியோ பக்கம் கூலி வேலைக்குப் போவார்கள். 1971இல் முதல் உலை ஓடத் தொடங்கியதும் அது மாறியது. தாயிச்சியில் ஆறு உலைகள், தெற்கே நராஹா–தோமியோகா எல்லையில் உள்ள தாயினியில் நான்கு. 1974இல் வந்த மூன்று சட்டங்கள் மூலம் மின்நிலையம் உள்ள ஊர்களுக்கு அரசு மானியம் கொட்டியது. நூலகம், விளையாட்டரங்கம், நல்ல சாலை எல்லாம் வந்தன. அப்பா உலையில், அம்மா அங்கே வேலை செய்பவர்கள் தங்கும் விடுதியில், தாத்தா பாட்டி வயலில் என்று ஒரே வீட்டுக்குள் வருமானம் பிரிந்து வந்தது.

புதாபா கடைத்தெருவின் குறுக்கே ஒரு வளைவு இருந்தது. "அணுசக்தி – ஒளிமயமான எதிர்காலத்தின் ஆற்றல்" என்பது அதில் இருந்த வாசகம். 1988இல் ஒரு பள்ளிச் சிறுவன் எழுதி, போட்டியில் தேர்வானது. ஊரே காலியான பிறகும் பல வருடம் அந்த வளைவு ஆளில்லாத தெருவுக்கு மேலே நின்றுகொண்டிருந்தது. இப்போது அது அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஊர் முழுக்க ஒரே காலில் நின்றது என்பதுதான் பிரச்சினையின் வேர். விபத்தில் சேதமடையாத தாயினி நிலையத்தையும் மூடுவதென்று 2019இல் முடிவானது. அந்தப் பழைய கால் இனி முளைக்காது.

நஷ்ட ஈடு நிறையக் கொடுத்தார்களே, அதை வைத்துத் தொழிலைத் திரும்பத் தொடங்கியிருக்கலாமே?

நஷ்ட ஈடு கொடுத்தது உண்மை. நிலையத்தை நடத்திய டோக்கியோ மின்சார நிறுவனம் இதுவரை கொடுத்தது பத்து லட்சம் கோடி யென்னுக்கு மேல். வெளியேற்றப்பட்டவர்களுக்கு மன வேதனைக்கென்று ஆளுக்கு மாதம் ஒரு லட்சம் யென், வீடு நிலத்துக்குத் தனி, தொழில் இழப்புக்குத் தனி.

ஆனால் தொழில் நஷ்ட ஈடு என்பது "இழந்த லாபம்" என்ற கணக்கில் வருவது. கடையைத் திறந்து கொஞ்சம் சம்பாதித்தால் இழப்பு குறைகிறது, தொகையும் குறைகிறது. கஷ்டப்பட்டுத் திறப்பவரைவிடச் சும்மா இருப்பவருக்குக் கூடக் கிடைக்கும் ஒரு கணக்கு. 2015இல் இரண்டு வருட இழப்பை மொத்தமாகக் கொடுத்து இதை ஓரளவு சரிசெய்தார்கள். அதற்குள் நாலு வருடம் ஓடிவிட்டது.

கட்டடம், இயந்திரத்துக்கு வேறு மானியம் இருந்தது. செலவில் நான்கில் மூன்று பங்கை அரசே ஏற்றது, தாராளம்தான். ஆனால் முதலில் போட்ட விதி, பழையபடியே திரும்பக் கட்ட வேண்டும் என்பது. வாடிக்கையாளர்கள் ஜப்பான் முழுக்கச் சிதறிய பிறகு, அதே அளவு பேக்கரி அடுப்பை அதே இடத்தில் வைத்து யாருக்கு ரொட்டி சுடுவது? பின்னால் விதியைத் தளர்த்தினார்கள்.

பணத்தால் வந்த மனத்தாங்கலையும் சொல்ல வேண்டும். வரைபடத்தில் கோடு எங்கே விழுந்ததோ அதைப் பொறுத்துத் தொகை மாறியது. தெருவுக்கு இந்தப் பக்கம் ஒரு தொகை, அந்தப் பக்கம் ஒரு தொகை. இவாகி நகரத்துக்குக் குடிபெயர்ந்தவர்கள் அங்கே வீடு வாங்க, நிலத்தின் விலை ஏற, உள்ளூர்க்காரர்கள் முணுமுணுக்க, பக்கத்து வீட்டில் தான் எந்த ஊர் என்று சொல்லவே கூசினார்கள். பணம் வந்தும் அக்கம்பக்கம் போனது.

மண்ணைச் சுத்தம் செய்வது என்றால் என்ன செய்தார்கள்?

உலையிலிருந்து வெளியான சீசியம் என்ற கதிரியக்கப் பொருள் களிமண்ணில் ஒட்டிக்கொள்ளும், கீழே இறங்காது. அதனால் வயலின் மேல்மண்ணை ஐந்து சென்டிமீட்டர் அளவுக்குச் சுரண்டி எடுத்து, ஒரு கன மீட்டர் கொள்ளும் கருப்புப் பைகளில் கட்டினார்கள். எடுத்த இடத்தில் மலைமணலைக் கொட்டினார்கள்.

விவசாயம் தெரிந்த யாருக்கும் இது வலிக்கும். அந்த ஐந்து சென்டிமீட்டர்தான் பாட்டன் பூட்டன் எரு போட்டு உண்டாக்கியது. கதிர்வீச்சு குறைந்தது, மண்ணின் உயிரும் போனது. திரும்பி வந்தவர்கள் தழையுரமும் தொழுவுரமும் போட்டு மண்ணை ஆரம்பத்திலிருந்து வளர்க்க வேண்டியிருந்தது.

அந்தப் பைகளெல்லாம் இப்போது ஒகுமா–புதாபாவில் 1,600 ஹெக்டேர் இடைக்காலக் கிடங்கில் இருக்கின்றன. ஏறக்குறைய 1.4 கோடி கன மீட்டர் மண். 2045 மார்ச்சுக்குள் அதை மாகாணத்துக்கு வெளியே கொண்டுபோய்ச் சேர்ப்பதாகச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள். வாங்கிக்கொள்ள எந்த மாகாணமும் முன்வரவில்லை. கிடங்குக்கு நிலம் கொடுத்தவர்கள் வீட்டையும் சிலர் குடும்பக் கல்லறையையும் விட்டுக் கொடுத்தவர்கள். இந்த வாக்கை அரசு காப்பாற்றியே ஆக வேண்டும் என்பது என் எண்ணம்.

காடு?

காட்டைச் சுத்தம் செய்யவில்லை. வீடுகளை ஒட்டிய பகுதியோடு சரி. மாகாணத்தில் எழுபது சதவீதம் காடு, முடியாது. ஷிதாகே காளான் வளர்க்கும் மரக்கட்டைகளை நாட்டுக்கே அனுப்பிவந்த தொழில் அதோடு நின்றது. வசந்தத்தில் மலைக்கீரை பறித்து அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பது, இலையுதிர் காலத்தில் காளான் தேடிப் போவது, இதெல்லாம் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் வராத வரவு. நஷ்ட ஈட்டுப் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

மக்கள் திரும்பியதும் கடை வருமா, கடை வந்ததும் மக்கள் வருவார்களா?

இந்தப் பக்கத்தில் எனக்கு மிகவும் முக்கியமான கேள்வி இதுதான்.

முடி வெட்டுபவருக்கு மளிகைக்காரர் வாடிக்கையாளர். மளிகைக்காரருக்கு மருந்துக்கடைக்காரர். மருந்துக்கடைக்காரரின் பிள்ளைக்கு டியூஷன் எடுப்பவர் இன்னொருவர். ஊர்ப் பொருளாதாரம் என்பது இப்படி ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்பது. எல்லோரையும் ஒரே நாளில் பிரித்து எடுத்துவிட்டால், திரும்ப நிறுத்த முதல் ஆளுக்குப் பிடிக்கக் கை இருக்காது. "நீ திற, நான் வருகிறேன்" என்று இவரும், "நீ வா, நான் திறக்கிறேன்" என்று அவரும்.

இதை உடைத்த ஊர்களில் எல்லாம் நடந்தது ஒன்றுதான்: உத்தரவு நீங்குவதற்கு முன்பே யாரோ கடையைத் திறந்தார்கள். நராஹாவில் உத்தரவு நீங்கியது 2015 செப்டம்பரில். ஆனால் 2014 ஜூலையிலேயே ஊராட்சி அலுவலகத்தை ஒட்டித் தற்காலிகக் கொட்டகையில் ஒரு சிறு கடைவீதி வந்துவிட்டது. சாப்பாட்டுக் கடைகளும் ஒரு மளிகைக் கடையும், அவ்வளவே. சுத்தப்படுத்தும் வேலைக்கு வந்தவர்கள்தான் முதல் வாடிக்கையாளர்கள். வீட்டைக் கூட்டிப் பெருக்க வந்த ஊர்க்காரர்கள் மதியம் அங்கே சாப்பிட உட்கார, "நீ எப்போ திரும்புறே?" என்ற பேச்சு அந்த மேசையில் தொடங்கியது. தோமியோகாவிலும் உத்தரவு நீங்கும் முன்பே, 2016 நவம்பரில், ஊராட்சி முன்கை எடுத்து ஒரு வணிக வளாகத்தைத் திறந்தது.

ஒடாகாவின் கதை இன்னும் சின்னது. பகலில் வரலாம், இரவு தங்கக் கூடாது என்று இருந்த காலம். அந்த ஊரைச் சேர்ந்த ஒருவர் 2014இல் காலியான ஊரிலேயே ஒடாகா ஒர்க்கர்ஸ் பேஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். "நூறு பிரச்சினைகளிலிருந்து நூறு தொழில்" என்பது அவருடைய முழக்கம். அந்த வருட டிசம்பரில் மூடிக்கிடந்த ஒரு ராமென் நூடுல்ஸ் கடையை வாடகைக்கு எடுத்து, உள்ளூர்ப் பெண்களைச் சமைக்கச் சொல்லி, "ஒடாகாவின் மதியச் சாப்பாடு" என்று பெயர் வைத்துத் திறந்தார்கள். வீட்டுச் சாப்பாடு மாதிரி எளிய சாப்பாடு. 2016இல் உத்தரவு நீங்கும் சமயம் அந்தச் சாப்பாட்டுக் கடை விலகிக்கொள்ள, பழைய ராமென் கடைக்காரரே தன் இடத்துக்குத் திரும்பினார். அவர் வரும்வரை அடுப்பை அணையாமல் பார்த்துக்கொண்டதுபோல இருந்தது அது. பெரிய மானியத் திட்டங்களைப் பற்றி எத்தனையோ படித்திருக்கிறேன். இந்த ராமென் கடைதான் என் நினைவில் முதலில் வரும்.

அரசு பக்கத்தில் நடந்த உருப்படியான வேலையையும் சொல்கிறேன். 2015 ஆகஸ்டில் அரசு, மாகாணம், தனியார் நிறுவனங்கள் சேர்ந்து ஒரு கூட்டுக் குழு அமைத்தார்கள். 12 ஊராட்சிகளிலும் தொழில் செய்துவந்த சுமார் 8,000 பேரை, அவர்கள் சிதறிப்போன இடங்களுக்கே தேடிப்போய்ப் பேசுவது அதன் வேலை. படிவத்தை நிரப்பி அனுப்பு என்று சொல்லாமல், வாசலில் போய் நின்றார்கள்.

எத்தனை பேர் திரும்பியிருக்கிறார்கள்?

ஊருக்கு ஊர் வேறு. உத்தரவு சீக்கிரம் நீங்கிய நராஹாவில் பழைய மக்கள்தொகையில் பாதிக்கு மேல் இப்போது வசிக்கிறார்கள். நமியேயில் முன்பு 21,500 பேர், இப்போது இரண்டாயிரத்துச் சொச்சம். புதாபாவில் முன்பு 7,000 பேர். அங்கே மக்கள் குடியிருக்க அனுமதி கிடைத்ததே 2022 ஆகஸ்டில்தான், பதினொரு வருடத்துக்கு மேல் கழித்து. வசிப்பவர்களை நூறுகளில் எண்ணலாம்.

திரும்பாதவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. ஐந்து வயதில் போன பிள்ளை வேறு ஊரில் பள்ளி முடித்துவிட்டது. மருத்துவமனை பக்கத்தில் வேண்டும் என்ற வயதான அம்மா இருக்கிறார். உத்தரவு நீங்கிய அன்றே அவர்கள் மனசு மாறிவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

அந்த அரிசியை நம்பிச் சாப்பிடலாமா?

சாப்பிடலாம். எப்படிச் சொல்கிறேன் என்று விளக்குகிறேன், ஏனென்றால் உலகத்தில் வேறெங்கும் அரிசியை இப்படிச் சோதித்ததில்லை.

முதலில் சறுக்கினார்கள். 2011 அக்டோபரில், மாதிரி எடுத்துப் பார்த்ததில் எல்லாம் சரி என்று மாகாண ஆளுநர் அறிவித்தார். அடுத்த மாதமே புகுஷிமா நகரின் ஒனாமி பகுதி அரிசியில் அன்றைய வரம்பான கிலோவுக்கு 500 பெக்கரலை (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) தாண்டிய அளவு வந்தது. ஒரு பகுதியின் அரிசி, ஆனால் போனது மாகாணம் முழுவதின் பெயர். மாதிரி எடுத்துப் பார்த்தோம் என்று இனி யார் சொன்னாலும் நம்பமாட்டார்கள் என்ற நிலை.

அப்போது எடுத்த முடிவு: ஒரு மூட்டை விடாமல் எல்லாவற்றையும் அளப்பது. 2012 அறுவடையிலிருந்து மாகாணத்தில் விளைந்த ஒவ்வொரு 30 கிலோ மூட்டையும் கன்வேயரில் ஏறிக் கதிர்வீச்சு அளவி வழியாகப் போனது. வருடத்துக்கு ஒரு கோடி மூட்டை. மூட்டை உள்ளே போகும், சில நொடிகள் நிற்கும், திரையில் வட்டம் வந்தால் தேர்ச்சி. சோதித்ததற்கான ஒட்டுவில்லை, அதில் எண். அந்த எண்ணை வைத்து வாங்கியவர் வீட்டிலிருந்தே முடிவைப் பார்க்கலாம். சந்தேகம் வந்த மூட்டை துல்லியமான சோதனைக்குத் தனியே போகும். வரம்பையும் 2012 ஏப்ரலில் 100 பெக்கரலாகக் குறைத்துவிட்டார்கள்.

2012இல் அந்த ஒரு கோடியில் வரம்பை மீறியவை 71 மூட்டைகள். அடுத்த வருடம் 28. 2014இல் இரண்டு. 2015 முதல் ஒன்றுகூட இல்லை. இது தானாக நடக்கவில்லை. செடிக்குச் சாம்பல்சத்தான பொட்டாசியமும் சீசியமும் ஒன்றுபோலத் தெரியும், மண்ணில் பொட்டாசியம் நிறைய இருந்தால் சீசியத்தை எடுக்காது. இதைக் கண்டுகொண்டு வயல் வயலாகப் பொட்டாஷ் போட்டார்கள். 2020இல்தான் மற்ற பகுதிகளில் மாதிரிச் சோதனைக்குத் திரும்பினார்கள். வெளியேற்றப்பட்ட பகுதிகளில் மூட்டைக்கு மூட்டை சோதனை அதற்குப் பிறகும் தொடர்ந்தது.

அப்படியானால் விலையும் பழையபடி வந்திருக்குமே?

வரவில்லை, அதுதான் கொடுமை. ஜப்பானியர்கள் இதற்கு வைத்திருக்கும் சொல்லின் பொருள் ஏறக்குறைய "வதந்திச் சேதம்". பெயர் கெட்டதால் வரும் நஷ்டம்.

ஆரம்பத்தில் மக்கள் பயந்து வாங்கவில்லை. அந்தப் பயம் வருடா வருடம் குறைந்தது. ஆனால் அதற்குள் கடைகளின் அலமாரியில் புகுஷிமாவின் இடத்தில் வேறு மாகாணத்துச் சரக்கு உட்கார்ந்துவிட்டது. மொத்த வியாபாரிகள் "புகுஷிமா என்றால் கொஞ்சம் குறைத்துக் கொடு" என்று கேட்டுப் பழகிவிட்டார்கள். நல்ல அரிசி, ஊர்ப்பெயர் தெரியாமல் உணவகங்களுக்கும் பெட்டிச் சோற்றுக்கும் போனது. சாப்பிட்டவர்களுக்கே தெரியாது. பீச் பழமும் மாட்டிறைச்சியும் நாட்டுச் சராசரிக்குக் கீழேயே பல வருடம் விலை போயின. 55 நாடுகளும் பிரதேசங்களும் தடையோ கட்டுப்பாடோ போட்டன. அமெரிக்கா 2021இலும் ஐரோப்பிய ஒன்றியம் 2023இலும் முழுக்க எடுத்தன.

பெயரைத் திருப்பி எடுத்த துறை என்றால் சாக்கே என்ற அரிசி மதுதான். நாடு தழுவிய புதுச் சாக்கே போட்டியில் மிக அதிகத் தங்கப் பரிசு வாங்கிய மாகாணம் என்ற இடத்தைப் புகுஷிமா தொடர்ந்து ஒன்பது முறை பிடித்தது.

மீனவர்கள் என்ன ஆனார்கள்?

விபத்துக்குப் பிறகு கரையோர மீன்பிடிப்பைக் கூட்டுறவுச் சங்கங்களே நிறுத்தின. 2012 ஜூனில் சோமா நகரத்திலிருந்து சோதனை மீன்பிடிப்பு தொடங்கியது. முதலில் மூன்றே இனங்கள்: இரண்டு வகை ஆக்டோபஸ், ஒரு வகைச் சங்கு. இவற்றில் சீசியம் தங்கவில்லை என்று தெரிந்த பிறகு மெதுவாகப் பட்டியலை நீட்டினார்கள். அரசு வரம்பு 100 என்றால் சங்கத்தின் வரம்பு 50. அதைத் தாண்டினால் அந்த இனமே சந்தைக்குப் போகாது.

நமியேயின் உகேதோ துறைமுகம் சுனாமியில் அழிந்து, கதிர்வீச்சால் மூடப்பட்டது. 2017இல் படகுகள் திரும்பின, ஆனால் ஏலக்கூடம் இல்லை. பிடித்த மீனை வடக்கே சோமாவுக்குக் கொண்டுபோய் விற்றார்கள். 2020 ஏப்ரலில், ஒன்பது வருடத்துக்குப் பிறகு, சொந்தத் துறைமுகத்தில் ஏலம் கூவினார்கள்.

சோதனைக் காலம் 2021 மார்ச்சில் முடிந்தது. ஆனாலும் பிடிபடும் அளவு விபத்துக்கு முந்தையதில் கால் பங்கு அளவில்தான். கடலில் மீன் இல்லாமல் இல்லை, பத்து வருட ஓய்வில் ஹிராமே போன்ற தட்டை மீன்கள் பெருகியிருந்தன. கரையில் வாங்கிப் பதப்படுத்தி லாரியில் ஏற்றும் வியாபாரிகள்தான் குறைந்துவிட்டார்கள். கரை தாங்கும் அளவுக்குத்தான் கடலில் பிடிக்க முடியும்.

அந்த நிலையில்தான் 2023 ஆகஸ்ட் 24 அன்று, நிலையத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட தொட்டிகளில் தேங்கியிருந்த சுத்திகரித்த நீரைக் கடலில் விடத் தொடங்கினார்கள். பிரிக்க முடியாத டிரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜனை லிட்டருக்கு 1,500 பெக்கரலுக்குக் கீழே வரும்படி கடல்நீர் கலந்து விடுகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்குச் சொல்லும் அளவே 10,000. சர்வதேச அணுசக்தி முகமையும் பரிசோதித்து ஏற்றுக்கொண்டது. அறிவியல் கணக்கில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் 2015இல் "சம்பந்தப்பட்டவர்களின் புரிதல் இல்லாமல் எதுவும் செய்யமாட்டோம்" என்று அரசும் நிறுவனமும் மீனவர்களுக்கு எழுத்தில் வாக்குக் கொடுத்திருந்தன. மீனவர் சங்கங்கள் கடைசிவரை எதிர்ப்பைக் கைவிடவில்லை. நீர் பாதுகாப்பானதாக இருக்கலாம், வாக்கு உடைந்தது. சீனா ஜப்பானின் கடலுணவு முழுவதையும் தடைசெய்தது. உள்நாட்டில் மக்கள் அக்கறையோடு வாங்கி ஆதரித்தார்கள், பயந்த அளவுக்கு உள்ளூர் ஏல விலை விழவில்லை. அதில் எனக்கு நிம்மதி.

ரோபோ, ஹைட்ரஜன் என்று பெரிய திட்டங்கள் வந்ததாகக் கேள்விப்பட்டோமே?

ஆமாம். 2014இல் வரையப்பட்ட திட்டம் அது. மினமிசோமாவில் சுமார் 50 ஹெக்டேரில் ரோபோ சோதனைக் களம். இடிந்த கட்டடம், சுரங்கப்பாதை, வெள்ளத்தில் மூழ்கிய தெரு எல்லாவற்றையும் மாதிரியாகக் கட்டி ட்ரோன்களையும் ரோபோக்களையும் பழக்குகிறார்கள். நமியேயில் 20 மெகாவாட் சூரிய மின்சாரத்தை வைத்து ஹைட்ரஜன் தயாரிக்கும் நிலையம், 2020இல் திறந்தது. அது நிற்கும் இடம் இன்னொரு அணுமின் நிலையத்துக்காக ஒதுக்கியிருந்த நிலம். 2013இல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. 2023இல் நமியேயைத் தலைமையிடமாகக் கொண்டு ஒரு தேசிய ஆராய்ச்சி நிறுவனமும் வந்திருக்கிறது.

இவற்றை நான் வரவேற்கிறேன், ஒரு கவலையோடு. பொறியாளர் டோக்கியோவிலிருந்து வருகிறார், திட்டம் முடிந்ததும் போகிறார். அறுபது வயதில் ஊர் திரும்பிய ஒரு விவசாயிக்கோ தையல்கடைக்காரிக்கோ அதில் என்ன பங்கு? மதியச் சாப்பாடும் தங்கும் இடமும் கொடுப்பது மட்டும்தான் பங்கு என்றால், 1971இல் நடந்ததும் அதுதானே. உள்ளூர்ப் பட்டறைகளுக்கு உதிரிபாக வேலை, உள்ளூர்ப் பிள்ளைகளுக்குப் பயிற்சி என்று எவ்வளவு இறங்குகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். உலைகளைப் பிரிக்கும் வேலையும் அப்படித்தான். தினமும் நாலாயிரம் பேர் அளவில் உள்ளே போகிறார்கள், 2051 வரையாவது இழுக்கும். சம்பளம் வருகிறது, ஆனால் அது ஒருநாள் முடிந்தே ஆக வேண்டிய வேலை.

பழைய கைத்தொழில்கள் பிழைத்தனவா?

நமியேயின் ஓபோரி பகுதியில் முந்நூறு வருடத்துக்கு மேல் மண்பாண்டம் செய்துவந்தார்கள். பச்சை நீலப் பூச்சில் மெல்லிய விரிசல் கோலம், ஓடும் குதிரைப் படம், இரட்டைச் சுவர். வெந்நீர் ஊற்றினாலும் கை சுடாது. அந்தப் பூச்சுக்கு வேண்டிய கல் அந்த ஊர் மலையில்தான் கிடைக்கும். கதிர்வீச்சால் அதை எடுக்க முடியாமல் போனது. குயவர்கள் வேறு ஊர்களுக்குப் போய்ச் சூளை போட்டார்கள், நிறம் வரவில்லை. மாகாணத் தொழில்நுட்ப மையம் வேறு கற்களைக் கலந்து கலந்து பார்த்து, அதே நீலத்தைக் கொண்டுவந்து கொடுத்தது. இந்த உதவி இல்லையென்றால் அந்தப் பெயரே போயிருக்கும்.

உகேதோ துறைமுகத்தை ஒட்டி ஒரு சாக்கே ஆலை இருந்தது, சுசுகி குடும்பத்துடையது. மீனவர்கள் நல்ல பாடு கிடைத்தால் அங்கே வாங்கிக் குடிப்பார்கள். சுனாமி ஆலையை அடித்துக்கொண்டு போனது. ஆனால் அவர்களுடைய நுரைமம் (ஈஸ்ட்) ஆய்வுக்காகக் கடற்கரையிலிருந்து தள்ளி ஐசுவில் இருந்த மாகாண ஆய்வகத்துக்குக் கொடுக்கப்பட்டிருந்தது, அது பிழைத்தது. அதை வைத்து யமகதா மாகாணத்தின் நகாய் நகரில் காய்ச்சத் தொடங்கி, பத்து வருடம் கழித்து 2021இல் நமியேயிலும் ஆலை திறந்தார்கள்.

புதிதாக யாராவது குடிவருகிறார்களா?

வருகிறார்கள். வேறு மாகாணத்திலிருந்து இந்த 12 ஊராட்சிகளுக்குக் குடிவரும் குடும்பத்துக்கு 20 லட்சம் யென் வரை கொடுக்கும் திட்டம் 2021இல் தொடங்கியது. ஒகுமா முன்பு பேரிக்காய்க்கும் கிவிப் பழத்துக்கும் பெயர்போன ஊர். வெளியூர் இளைஞர்கள் வந்து கிவித் தோட்டம் வைத்திருக்கிறார்கள். தோமியோகாவில் கடலைப் பார்த்த சரிவில் திராட்சை போட்டு ஒயின் எடுக்கிறார்கள். 2023இல் ஒகுமாவில் மழலையர் வகுப்பு முதல் நடுநிலைவரை ஒன்றாகச் சேர்த்து ஒரு பள்ளி திறந்தபோது, அந்த ஊரில் பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு மணி அடித்தது. காசுக்காக வருகிறவர்கள் கொஞ்ச நாளில் போய்விடுவார்கள் என்று சிலர் சொல்வார்கள். சிலர் போகலாம். கிவிக் கொடி காய்க்கவே சில வருடம் பிடிக்கும், அதை நட்டவர் காத்திருக்கத்தான் வந்திருக்கிறார்.

செர்னோபில் பக்கம் என்ன செய்தார்கள்?

பெரும்பாலும் வேறு இடத்துக்குக் குடியமர்த்தினார்கள். நிலையத் தொழிலாளர்களுக்காக ஸ்லாவுதிச் என்ற புது நகரமே கட்டினார்கள். பெலாரஸில் 1996இல் ஓல்மனி என்ற கிராமத்தில் நடந்தது எனக்குப் பிடித்தது: தாய்மார்களே பாலை அளக்கக் கற்றுக்கொண்டு, எந்த மேய்ச்சல் நிலத்தால் அளவு ஏறுகிறது என்று பிரித்து, பாலைக் காப்பாற்றினார்கள். அளவி யார் கையில் இருக்கிறது என்பதில் எவ்வளவோ இருக்கிறது.

தமிழ்நாட்டில் இருக்கும் நமக்கு இதில் என்ன?

2011இல் இடிந்தகரை மீனவர்களின் கூடங்குளம் போராட்டம் பெருகியதற்குப் புகுஷிமா ஒரு முக்கியக் காரணம். 2004 சுனாமியில் கல்பாக்கத்தில் கடல்நீர் பம்பு நிலையத்துக்குள் புகுந்து, உலையைப் பத்திரமாக நிறுத்தினார்கள். இரண்டும் கடலோரம், இரண்டைச் சுற்றியும் மீனவர்கள். விபத்து நடக்கும் என்று பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. ஆனால் 2010இல் நம் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் நிலையத்தை நடத்துபவரின் பொறுப்புக்கு அப்போது வைத்த உச்சம் 1,500 கோடி ரூபாய். புகுஷிமாவின் மொத்தச் செலவை ஜப்பான் அரசு 2023இல் 23.4 லட்சம் கோடி யென் என்று மதிப்பிட்டது. ரூபாயில் 12, 13 லட்சம் கோடி. அங்கே மீனவர் சங்கமே மீனை அளந்து, தானே வரம்பு வைத்து, தானே சான்று கொடுத்தது. நம் கடற்கரையில் அந்த அளவியும் ஆட்களும் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. கேட்க வேண்டிய நேரமும் இப்போதுதான், விபத்துக்குப் பிறகு அல்ல.

போய்ப் பார்க்கலாமா?

தாராளமாக. ஜோபன் ரயில்பாதை 2020 மார்ச்சில் முழுக்கத் திறந்துவிட்டது. டோக்கியோவின் உவேனோவில் ஹிதாச்சி விரைவு ரயில் ஏறினால் புதாபாவிலும் நமியேயிலும் இறங்கலாம். புதாபாவில் பேரிடர் நினைவு அருங்காட்சியகம் இருக்கிறது. கடலை ஒட்டிய உகேதோ தொடக்கப்பள்ளியை சுனாமி விட்டுவைத்த கோலத்திலேயே பாதுகாத்திருக்கிறார்கள். அன்று பள்ளியில் இருந்த பிள்ளைகள் எல்லோரும் ஆசிரியர்களோடு மலைப்பக்கம் ஓடி உயிர் தப்பினார்கள். இன்னும் சில பகுதிகளுக்குள் நுழையத் தடை உண்டு, பலகையைப் பார்த்து நடங்கள். ஆளில்லாத வீடுகளைப் படமெடுக்காதீர்கள், அவற்றுக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள்.

போனால் ஏதாவது வாங்குங்கள், சாப்பிடுங்கள். நமியேயில் சாலையோர வணிக நிலையம் ஒன்று இருக்கிறது. உகேதோவில் பிடித்த ஷிராசுப் பொடிமீனைச் சோற்றின் மேல் பரப்பிக் கொடுப்பார்கள், தடித்த நூடுல்ஸில் நமியே யாகிசோபா கிடைக்கும். சுசுகி ஆலையின் சாக்கேயும் ஓபோரி பாண்டங்களும் அங்கேதான். ஒரு கோப்பையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். நீலத்தில் குதிரை ஓடிக்கொண்டிருக்கும், இடப்பக்கம் பார்த்து.